நுனியும் ப்ரைமரும்: குழாய் மேகசின் துப்பாக்கிகளில் தோட்டாப் பாதுகாப்பு வளர்ந்த விதம்

திருக்கடையூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முதலில் தரங்கம்பாடி. 1845 வரை டேனிஷ்காரர் ஆண்ட ஊர். அதையும் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய் மீண்டு, 1954 வரை அவர்களிடம் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆற்றுக்கு இக்கரையில் பிறந்தவர் சேர்ந்த ஆங்கிலேயப் படையின் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு. அக்கரையிலிருந்து தொண்டராகப் போனவர் சேர்ந்த பிரெஞ்சுப் படையின் துப்பாக்கி லெபெல். இரண்டும் ஒரே சிக்கலுக்கு இருவேறு நாடுகள் கண்ட விடைகள்.

அந்தச் சிக்கல் அமெரிக்காவின் லீவர் துப்பாக்கிகளில் தொடங்கியது. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டாக்கள். முன்முனையில் அழுத்தும் சுருள்வில். லீவரைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா மேலேறும். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு குண்டின் நுனியும் தனக்கு முன்னுள்ள தோட்டாவின் அடிப்பாகத்தைத் தொட்டு நிற்கும். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். வரிசை முழுவதும் குலுங்கும்.

1860-இன் ஹென்றி துப்பாக்கியில் இதனால் பெரிய அச்சம் இல்லை. அதன் தோட்டாவில் வெடிமருந்துக்குத் தீ மூட்டும் கலவை அடி விளிம்பைச் சுற்றி இருந்தது. நடுவில் நுனி இடித்தாலும் அங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 1873-இல் வின்செஸ்டர் நிறுவனம் தீமூட்டும் ப்ரைமரை அடியின் நடுவில் வைத்த தோட்டாவுக்கு மாறியது. வலுவான தோட்டா, திரும்ப நிரப்பிப் பயன்படுத்தத்தக்க கூடு என்று லாபங்கள் பல. ஆனால் முன்னால் நிற்கும் தோட்டாவின் மிகமெல்லிய இடத்தில் இப்போது பின்தோட்டாவின் நுனி அமர்ந்தது. கூர்மையான நுனி என்றால் ஓர் உதையே அதைத் தூண்டிவிடலாம். குழாய்க்குள் ஒன்று வெடித்தால் மற்றவையும் வெடிக்கக்கூடும். குழாயைத் தாங்கியிருப்பதோ சுடுபவரின் கை. ஆகவே குண்டின் முகத்தைத் தட்டையாக்கினார்கள். 1894-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டருக்கும் தட்டை முகமே பொருந்தியது.

லெபெல் லீவர் துப்பாக்கி அல்ல, தாழ்ப்பாள்போல் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் துப்பாக்கி. ஆனால் எட்டுத் தோட்டா கொள்ளும் குழாய் அதற்கும் உண்டு. போல் வியேய் 1884-இல் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்தை முந்திக்கொண்டு பயன்படுத்தும் அவசரத்தில், 1886-இல் பிரெஞ்சுக்காரர்கள் கிரோபாட்செக் என்பவரின் பழைய குழாய் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அவசரத்தின் விலையைப் பிறகு தோட்டா கொடுத்தது. 1898-இல் தூரப் பாய்ச்சலுக்காகக் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது குழாயை மாற்ற வழியில்லை. எனவே தோட்டாவின் அடியில் ப்ரைமரைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். லெபெல் தோட்டாவின் அடி அகலம். கூடு முன்னோக்கிக் கூம்பிச் செல்லும். அதனால் குழாய்க்குள் அது சற்றே சாய்ந்து கிடக்கும். நுனி நடுவை விட்டு விலகி அந்தப் பள்ளத்தில் போய் நிற்கும். இந்தத் துறையில் நான் பார்த்த மிக நுட்பமான சிந்தனை இதுதான்.

ஆங்கிலேயர்கள் 1910-இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது இந்த வேலையே தேவைப்படவில்லை. லீ-என்ஃபீல்டின் பெட்டி மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். நுனி எதையும் தொடாது. பிரவுனிங்கே 1895-ஆம் ஆண்டு லீவர் துப்பாக்கிக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். முதல் உலகப் போரில் ரஷ்யா அவற்றை லட்சக்கணக்கில் வாங்கியது.

துப்பாக்கி வரலாறுகள் பெரும்பாலும் வடிவமைப்பாளரின் பெயரைச் சுற்றியே எழுதப்படுகின்றன. குழாய் மேகசினைப் பொறுத்தவரை பாதுகாப்பைச் சுமந்தது தோட்டாதான் என்பது என் துணிபு: விளிம்புத் தீ, தட்டை முகம், அடிப்பள்ளம் என மூன்று தீர்வுகளும் தோட்டாவிலேயே செய்யப்பட்டவை. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த, அழுத்தினால் நெளியும் பாலிமர் நுனியும் அவ்வழியில் வந்ததே. பிரான்ஸும் கடைசியில் துப்பாக்கியையே மாற்றியது: 1936-ஆம் ஆண்டு மாதிரியான மாஸ்-36 ஐந்து தோட்டாப் பெட்டியுடன் வந்தது.