லேசான பெட்டி

2004 தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம், அப்பா ஒரு நாள் லீவு போட்டார். விடியற்காலை ஆம்பூரில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தே போனோம். போனஸோடு சீட்டு எடுத்த பணமும் சேர்த்து 27,000 ரூபாய் அவர் சட்டையின் உள்பாக்கெட்டில் இருந்தது. என் பாக்கெட்டில் ஒரு நோட்டுத்தாள்: பென்டியம் 4, 2.8 கிகாஹெர்ட்ஸ், 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், சிடி ரைட்டர், 15 இன்ச் மானிட்டர். நான் என்ஜினியரிங் முதல் வருடம். எனக்கு எல்லாம் தெரியும்.

ரிச்சி தெரு என்று நாம் சொல்வது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சிந்தாதிரிப்பேட்டை ஓரத்தில் பின்னிக்கிடக்கும் சந்துகளுக்கு மொத்தமாக அந்தப் பெயர். மீரான் சாகிப் தெருவை சினிமா விநியோகஸ்தர்களின் தெருவாகத்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இங்கே ரேடியோ உதிரிபாகம் விற்றார்கள். வால்வு, காயில், ஸ்பீக்கர் வாங்கிப்போய் வீட்டிலேயே ரேடியோ கட்டியவர்கள் இருந்த ஊர் இது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இந்தச் சந்துகளுக்குப் புதிதில்லை.

ஆனால் கம்ப்யூட்டரை அப்படிச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம் ஒரு அவசரம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டது. டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஃப்ளோரிடாவில் இயங்கிய ஒரு சிறிய குழுவுக்குக் கிடைத்தது சுமார் ஒரு வருடம். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லாததால் இன்டெல்லின் 8088 சிப், மைக்ரோசாஃப்டின் டாஸ் என்று வெளியில் கிடைத்ததை வாங்கிக் கோத்தார்கள். மற்றவர்களும் கார்டுகள் செய்யட்டும் என்று சர்க்யூட் படங்களைப் புத்தகமாகவே விற்றார்கள். ஐபிஎம் கையில் மிஞ்சிய பூட்டு ஒன்றுதான்: பயாஸ். காம்பேக் அதையும் திறந்தது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸ் என்ன செய்கிறது என்று எழுதிக்கொடுக்க, அதைப் பார்த்தே இராத இன்னொரு குழு புதிதாக எழுதியது. 1983-ல் காம்பேக் மெஷின் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகு யாருடைய போர்டும் யாருடைய பெட்டியிலும் பொருந்தத் தொடங்கியது.

அந்த ஐபிஎம் 1978-லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. ராஜீவ் காந்தி பதவிக்கு வந்ததும், 1984 நவம்பரில் வந்த கம்ப்யூட்டர் கொள்கை பாகங்களின் இறக்குமதியை எளிதாக்கியது. 1997-ல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005-ல் பூஜ்யத்துக்கு வந்தது. தோல் வெட்டுகிறவர் மகன் கையில் லிஸ்ட்டோடு ரிச்சி தெருவில் நின்றது இந்த வரிசையில்தான்.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். தோலை மேசையில் விரித்ததும் அவர் கை முதலில் ஓடும், கண் அப்புறம். முதுகுப் பக்கத் தோல் கெட்டி. ஷூவின் முன்பக்கத்துக்கு அதில்தான் வெட்டவேண்டும், நடக்கும்போது மடங்குவது அந்த இடம். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். அதில் நாக்கு வெட்டலாம். சோலுக்குள்ளே ஷாங்க் என்று ஒரு இரும்புப் பட்டை உண்டு. போடுகிறவன் கண்ணில் அது கடைசிவரை படாது. அது மட்டமாக இருந்தால் ஷூ நடுவில் தொய்ந்துவிடும்.

கடைக்காரர் என் லிஸ்ட்டை வாசித்துவிட்டு, "கேபினெட்?" என்றார். அதை நான் எழுதவே இல்லை. "ஏதாச்சும் ஒண்ணு குடுங்க." எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். முன்னால் நீல விளக்கு எரியும். அப்பா பொருத்தாமல் கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார்.

"இன்னாடா இது, இவ்ளோ லேசா கீது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. 450 வாட்ஸ்னு போட்டிருக்கான் பாருங்க."

கடைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதைத்தான் சொல்லவேண்டும்.

2008-ல், கரண்ட் கட் தினசரி விஷயமாகிவிட்டிருந்த நாட்களில், ஒரு சாயங்காலம் கரண்ட் திரும்பி வந்ததும் பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் தீய்ந்த வாடை. எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. மூன்று பேரின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அந்த 40 ஜிபிக்குள் இருந்தது. இரண்டாவது ரிவ்யூவுக்கு எடுத்த பிரின்ட்டைப் பார்த்து மூன்று வாரம் திரும்ப டைப் அடித்தோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எடை புரிந்தது. மின்சாரத்தின் அழுக்கை வடிகட்டும் காயில்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. சூடு இறக்கும் அலுமினியம் தகடு போல மெல்லிசு. கெப்பாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. 450 என்பது எல்லா வோல்ட்டையும் கூட்டிப்போட்ட கணக்கு. பென்டியம் 4 வந்தபிறகு பிராசஸர் தன் மின்சாரத்தை 12 வோல்ட் பக்கம் கேட்கத் தொடங்கியது. அதற்காகவே நாலு முனை கொண்ட தனி கனெக்டர் வந்தது. நான் பெருமையாக வாங்கிய பிரெஸ்காட் சிப் மட்டும் சுமார் 89 வாட் சூடு. இந்தப் பெட்டியோ 5 வோல்ட் காலத்து டிசைன். இத்தனைக்கும் அந்த 2.8 கிகாஹெர்ட்ஸ் வெறும் நம்பர். குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடிய ஏஎம்டி அத்லான் 64 பல வேலைகளில் அதை முந்தியது. கல்லூரியில் யாரும் "உன் எஸ்எம்பிஎஸ் என்ன?" என்று கேட்கவில்லை. கிகாஹெர்ட்ஸைத்தான் கேட்டார்கள்.

போன மாதம் அக்கா பையனுக்கு ஒரு மெஷின் சேர்த்தேன். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய், ராம் விலை கண்ணைக் கட்டுகிறது. லிஸ்ட்டில் ராமைப் பாதியாக்கினேன், கிராஃபிக்ஸ் கார்டை அடித்தேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் வரியை மட்டும் தொடவில்லை.

பார்சல் ஆம்பூர் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு இப்போது இடது கை விரல்கள் சரியாக மடங்காது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, எஸ்எம்பிஎஸ்ஸை வலது கையில் ஏற்றி இறக்கினார். பேரனிடம், "புட்ச்சிப் பாரு" என்று கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்ளோ?" என்றார்.

சொன்னேன். ஆயிரம் ரூபாய் குறைத்துத்தான் சொன்னேன்.