வாக்குச்சீட்டுக்கு முன் சங்கம்: வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய சட்டமன்ற உறுப்பினர்களின் வரலாறு

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2014இல் வாஷிங்டன் மாநிலச் செனட்டுக்கும், 2016இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கும் தேர்வானது பொதுவாக ஒரு தனிமனிதரின் வெற்றிக்கதையாகவே எழுதப்படுகிறது. அப்படி எழுதும்போது அதற்கு முந்தைய ஒரு நூற்றாண்டு விடுபட்டுப்போகிறது. உழைக்கும் குடும்பங்களின் சார்பில் பேசிய, வேறு நாட்டில் பிறந்த உறுப்பினர்கள் இம்மாநிலத்தில் எப்படி உருவானார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தேர்தலுக்கு வெளியே இருந்த சங்கங்களும் இயக்கங்களும் அவர்களை முதலில் ஆளாக்கின என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சங்கங்களின் முன்வரலாறு அவ்வளவு பெருமைக்குரியது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1907 செப்டம்பர் 4 அன்று பெல்லிங்காம் ஊரின் மர அறுவை ஆலைகளில் வேலைசெய்த பஞ்சாபியரை நூற்றுக்கணக்கான வெள்ளையர் கொண்ட கும்பல் அடித்து விரட்டியது. சில நாட்களுக்குள் அவ்வூரில் இந்தியர் எவரும் மிஞ்சவில்லை. மேற்குக் கடற்கரை முழுவதும் ஆசியரை விலக்கக் கோரிய இயக்கத்துக்கு முதுகெலும்பாக இருந்தவை வெள்ளைத் தொழிலாளர் சங்கங்கள். சட்டமும் அதே பக்கம் நின்றது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், 1918 டிசம்பரில் இதே மாநிலத்தின் லூயிஸ் முகாமில் ராணுவச் சீருடையுடன் குடியுரிமை பெற்றார். அவர் வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் நான்கே நாளில் அது பறிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றமும், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றோர் என்று அவருடைய வழக்கிலேயே தீர்ப்பளித்தது. 1946 வரை அந்நிலை நீடித்தது. வாக்கே இல்லாதவர் தொகுதியைப் பற்றி எங்கே யோசிப்பது?

வாக்கு இல்லாத அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேறு வழி கண்டார்கள். கோடைதோறும் அலாஸ்காவின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளுக்குப் போன அவர்களை ஒப்பந்தக்காரர்கள் ஆள்பிடித்து அனுப்பினார்கள். முன்பணம் கொடுத்து, கூலியில் பிடித்தம் செய்தார்கள். தேயிலைத் தோட்டக் கங்காணியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1933இல் சியாட்டிலில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். மூன்றே ஆண்டில் அதன் தலைவரும் செயலாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; ஆனாலும் சங்கம் அழியவில்லை. பின்னாளில் ‘லோக்கல் 37’ என்று அறியப்பட்ட அச்சங்கத்தின் 1952ஆம் ஆண்டு மலருக்கு ஆசிரியராக இருந்தவர் எழுத்தாளர் கார்லோஸ் புலோசான்.

1981 ஜூன் 1 அன்று அதே சங்கத்தின் இளம் சீர்திருத்தவாதிகளான சில்மே டொமிங்கோ, ஜீன் வியெர்னெஸ் இருவரும் சங்க அலுவலகத்திலேயே சுடப்பட்டார்கள்; இருவரும் இறந்தார்கள். வேலைக்கு ஆள் அனுப்புவதில் நடந்த லஞ்சத்தை ஒழிக்க முயன்றவர்கள் அவர்கள். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸின் ஆட்சியையும் எதிர்த்தவர்கள். அக்கொலைகளில் மார்க்கோஸுக்குப் பொறுப்பு உண்டு என்று 1989இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி முடிவு கூறியது. இந்தக் கொலைகளுக்குப் பின் சியாட்டிலுக்கு வந்து சங்கப் பணியில் இறங்கியவர் வெல்மா வெலோரியா. பிலிப்பைன்ஸில் பிறந்த அவர், 1992இல் தென் சியாட்டிலை உள்ளடக்கிய 11ஆம் தொகுதியிலிருந்து மாநிலக் கீழவைக்குத் தேர்வானார். ஆள்கடத்தலைத் தனிக் குற்றமாக்கிய முதல் மாநிலமாக 2003இல் வாஷிங்டன் ஆனதில் அவருடைய உழைப்பு பெரிது. முன்பணத்துக்கும் பொய் வாக்குறுதிக்கும் சிக்கியவர்களின் கதை சங்கத்தில் வளர்ந்தவருக்குப் புதிதாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

ஜெயபால் வந்த பாதையும் இதையே ஒத்தது. ஆனால் அவர் ஆலைத் தொழிலாளி அல்லர். பதினாறு வயதில் தனியாக அமெரிக்கா வந்து, நிதி நிறுவனத்தில் வேலை பார்த்து, வணிக மேலாண்மை படித்தவர். 2000இல்தான் குடியுரிமை பெற்றார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம்களும் சீக்கியரும் குறிவைக்கப்பட்டபோது அவர் தொடங்கிய அமைப்பு, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சோமாலியர் நாடுகடத்தப்படுவதை வழக்கு மூலம் தடுத்தது. பின்னர் ‘ஒன்அமெரிக்கா’ என்று பெயர் மாறிய அது, குடியேறியவர்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்வதில் முனைந்தது. இதற்கிடையே 2013இல் விமான நிலைய நகரான சீடாக்கில் மணிக்கு 15 டாலர் கூலி என்ற முன்மொழிவு 77 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சியாட்டில் நகரமன்றம் 2014 ஜூனில் அதைப் பின்தொடர்ந்தது. அதற்கு வழிவகுத்த மேயரின் குழுவில் ஜெயபாலும் இருந்தார். (தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சோஷலிஸ்டான க்ஷமா சாவந்த் அப்போது நகரமன்றத்தில் இருந்தார். 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டிலை ஆக்கிய சட்டம் அவர் கொண்டுவந்தது.)

செனட்டில் ஜெயபால் சிறுபான்மைக் கட்சியின் உறுப்பினர். பெண்களையும் வெள்ளையர் அல்லாதோரையும் நெடுஞ்சாலைக் கட்டுமான வேலைகளுக்குத் தயார்செய்யும் பயிற்சித் திட்டம் 2015இல் அவர் முயற்சியால் சட்டமானது. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் மசோதாவோ அதே ஆண்டு கீழவையில் நிறைவேறிச் செனட்டில் முடங்கியது. சட்டமன்றம் செய்யாததை 2016 நவம்பரில் மக்களே நேரடி வாக்கெடுப்பில் செய்தார்கள். அதே நாளில்தான் ஜெயபால் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

இங்கே ஓர் இடறல் உண்டு. அவர் செனட்டில் பிரதிநிதித்துவம் செய்த 37ஆம் தொகுதி, பல மொழி பேசும் உழைப்பாளர் வாழும் தென்கிழக்குச் சியாட்டில். அதன் பெரும்பகுதி நாடாளுமன்றத்தின் 9ஆம் தொகுதிக்குள் வருகிறது. அவர் வென்றதோ வெள்ளையரும் வசதி படைத்தோரும் மிகுந்த 7ஆம் தொகுதியில். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு இது வேறொன்றைக் காட்டுகிறது: எளியோருக்காகப் பேசும் உறுப்பினரை எளியோர் வாழும் தொகுதிதான் அனுப்ப வேண்டும் என்ற விதி இம்மாநிலத்தில் செல்லவில்லை.

அடுத்த சான்று இன்னும் தெளிவானது. வாஷிங்டனில் நெடுங்காலம் தனிநபர் வருமான வரி இருக்கவில்லை; அரசு பெரிதும் விற்பனை வரியை நம்பி நடந்தது. 2018இல் வெளியான ஒரு வரி ஆய்வின்படி, ஏழைகளான ஐந்தில் ஒரு பங்கினர் தங்கள் வருமானத்தில் 17.8 சதவீதத்தை மாநில, உள்ளூர் வரிகளாகச் செலுத்த, உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினர் செலுத்தியது 3 சதவீதம். இதை ஈடுசெய்ய, உழைக்கும் குடும்பங்களுக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்டம் 2008இலேயே இயற்றப்பட்டது. நிதி ஒதுக்காததால் பல ஆண்டுகள் ஏட்டளவில் கிடந்தது. 2021இல் அதை விரிவாக்கி உயிர்ப்பித்த மசோதாவைக் கொண்டுவந்தவர் மை-லின் தாய். வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர், மருந்தாளுநர், 2018இல் வென்று இச்சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் அகதி. அவருடைய 41ஆம் தொகுதியோ சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள செல்வச் செழிப்பான புறநகர்.

2023 முதல் பணம் கைக்கு வரத் தொடங்கியது. குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, உச்சத் தொகை அவ்வாண்டு 300 முதல் 1,200 டாலர் வரை இருந்தது. கூட்டாட்சி அரசின் இதையொத்த சலுகை சமூகக் காப்பு எண் இல்லாதோருக்குக் கிடைக்காது. வாஷிங்டன் சட்டமோ தனிநபர் வரி எண்ணைக் கொண்டு கணக்குத் தாக்கல் செய்வோரையும் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஆவணமற்ற தொழிலாளர்களும் உண்டு. இந்த எண்ணைக் கொண்டு தாக்கல் செய்யும் எவருக்கும் தங்களுக்காகச் சட்டம் இயற்றிய உறுப்பினருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை.