செவியும் இதயமும்: ஒரு நோயின் வரலாறு

1957-இல் நார்வே மருத்துவர்களான ஆன்டன் யெர்வெல்லும் ஃபிரெட் லாங்கே-நீல்சனும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைப் பற்றி எழுதினர. அறுவரில் நால்வருக்குப் பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. அந்நால்வருள் மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென இறந்தனர். ஈ.சி.ஜி. வரைபடத்தில் க்யூ-டி இடைவெளி, அதாவது இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று ஓய்வுநிலைக்குத் திரும்பும் காலம், மிக நீண்டிருந்தது.

துடிப்பின் வேகத்துக்கேற்ப அந்த இடைவெளியைத் திருத்தும் சூத்திரத்தை பாசெட் 1920-இலேயே வகுத்திருந்தார். திருத்திய அளவு 500 மில்லிவினாடியைக் கடந்தால் ஆபத்து மிகுதி என இன்று மதிப்பிடுகின்றனர். காரணம் 1997-இல் தெளிந்தது: உட்செவிக்கும் இதயத்துக்கும் பொதுவான பொட்டாசியம் வாயில் ஒன்றின் மரபணுப் பழுது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தாலே செவியும் இதயமும் ஒருங்கே பாதிக்கப்படும்.

இவ்விடத்தில் அது தென்னகத்தின் வரலாறும் ஆகிறது. திருவனந்தபுரம் வலியசாலைத் தமிழ்க் குடும்பங்கள் உட்பட இங்குப் பலரிடையே மாமன், அத்தை மக்களை மணப்பது நெடுநாள் வழக்கம். உறவுமணம் பழுதை உண்டாக்குவதில்லை; மறைந்திருக்கும் ஒரே பழுது இருவழியிலும் வந்து சேரும் வாய்ப்பையே கூட்டுகிறது.

இந்நோயின் மயக்கம் வலிப்பெனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. 1980-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற அந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதயத்துக்கும் வலிப்புக்கும் ஒருங்கே சிகிச்சை அளிக்கிறது. ஆனால் அவ்விரண்டில் எது என்ற ஐயம் முதலில் எழ வேண்டியது செவிப்புலன் சோதிக்கும் இடத்தில். பழுதின் ஒரு பிரதி மட்டுமுடைய உறவினரின் வரைபடம் இயல்பாகவே இருக்கக்கூடும். செவிப்புலனற்ற குழந்தையின் வரைபடமே குடும்பம் முழுவதற்கும் முதல் எச்சரிக்கை.