நீச்சல் குளத் தண்ணீர் பச்சையா, பழுப்பா, பாலா? மொத்தமாக இறைக்கும் முன் பார்க்க வேண்டியவை

டெல்லியில் கோடை தொடங்கியதும் சத்தர்பூர் பண்ணை வீடுகள் முதல் குருகிராம், நொய்டா அப்பார்ட்மென்ட்கள் வரை நீச்சல் குளங்களில் கூட்டம் கூடும். தண்ணீர் நிறம் மாறுவதும் இதே சீசனில்தான். உடனே வரும் யோசனை, "மொத்தத் தண்ணியையும் இறைச்சிட்டு புதுசா நிரப்பிடலாம்" என்பதுதான்.

அது எவ்வளவு தண்ணீர்? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள ஒரு வீட்டுக் குளத்தில் சுமார் 45,000 லிட்டர் இருக்கும். 10,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் நாலரை லோடு.

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங்கில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தண்ணீரை வீணாக்கினால் ரூ.2,000 அபராதம் என்று டெல்லி அரசு உத்தரவிட்டதும் அதே நாளில்தான். அந்த ஆண்டு மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தவே தடை விதித்தது. மீறினால் ரூ.5,000 அபராதம். ஆக, இறைத்து ஊற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலான நேரம் அதற்குத் தேவையும் இருக்காது.

ஒலிம்பிக் குளமே பச்சையானது எப்படி?

2016 ஆகஸ்ட் 9. ரியோ ஒலிம்பிக்கில் மரியா லெங்க் அரங்கின் டைவிங் குளம் திடீரென பச்சையாக மாறியது. அடுத்த நாள் பக்கத்துக் குளமும் நிறம் மாறத் தொடங்கியது. சில நாட்கள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் ஆகஸ்ட் 5 அன்று 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார். குளோரினின் கிருமிக்கொல்லி சக்தியை அது முறித்துவிட்டது. பாசி வளர வழி கிடைத்தது. கலைநீச்சல் போட்டிக்காக ஒரு குளத்தில் சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று.

என்ன பிரச்சினை என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

நிறம் என்ன சொல்கிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

பச்சை, கலங்கல், சுவரில் வழுக்கல்: இது பாசி. குளோரின் குறைந்திருக்கிறது. ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் சேர்க்காத குளத்தில், உச்சி வெயிலில் சுமார் ஒரு மணி நேரத்திலேயே பாதி குளோரின் காலியாகிவிடும்.

பச்சை, ஆனால் தெளிவு: பெரும்பாலும் செம்பு. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடும் இடங்களில் இது சகஜம். இதற்குக் குளோரினை ஏற்றுவதால் பலன் இல்லை. மயில்துத்தத்தை நிறுத்திவிட்டு, உலோகத்தைப் பிடித்துவைக்கும் மருந்தைப் பயன்படுத்த வேண்டும்.

டீ டிகாக்ஷன் போலப் பழுப்பு: இரும்பு. போர் தண்ணி நிரப்பும்போது தெளிவாகத்தான் இருக்கும். குளோரின் பட்டதும் அதில் கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறி நிறம் காட்டும். சுவர்க் கறையில் வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்துப் பாருங்கள். கறை வெளிறினால் இரும்பு என்று எடுத்துக்கொள்ளலாம். படிகாரம் போட்டு, ஓர் இரவு மோட்டாரை நிறுத்தி, அடியில் படிந்ததை வேக்யூம் மூலம் நேரடியாக வெளியேற்ற வேண்டும்.

பால் போல வெள்ளை: ஃபில்டர் அடைப்பு, அதிக பிஎச், அல்லது கடினத்தன்மை. டெல்லியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடின நீர்தான். புழுதிப் புயலுக்குப் பிறகும் இப்படி ஆகும். முதலில் ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள்.

எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

சாதாரண டெஸ்ட் கிட் போதும். பிஎச் 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரை இருக்கலாம். ஸ்டெபிலைசர் போட்ட குளத்தில் குளோரின் குறைந்தது 2 பிபிஎம் வேண்டும். ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

பிஎச்சை ஏன் முதலில் சரிசெய்ய வேண்டும்? ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் பிஎச் 7.5 இருக்கும்போது குளோரினில் கிட்டத்தட்ட பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் அது கால் பங்குக்கும் கீழே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய குளோரின் சும்மா கிடக்கும்.

பாசிக்கு எவ்வளவு?

நமது 45,000 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 45 கிராம் குளோரின் வேண்டும். பாசியை ஒழிக்க 10 பிபிஎம் என்று வைத்தால் 450 கிராம். 65% வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 700 கிராம். சுவர்களைத் தேய்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடட்டும். பச்சை முதலில் வெளிறி வெள்ளைக் கலங்கலாகும். அது செத்த பாசி. அதைப் பார்த்துப் பதறி இன்னொரு மருந்தை ஊற்ற வேண்டாம்.

செய்யவே கூடாதவை

ஆசிட்டையும் குளோரினையும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். குளோரின் மாத்திரையையும் குளோரின் தூளையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

எப்போது இறைக்கலாம்?

குளோரின் மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் அவற்றிலுள்ள ஸ்டெபிலைசர் சேர்ந்துகொண்டே போகும். 100 பிபிஎம் தாண்டினால், டெஸ்டில் குளோரின் தெரிந்தாலும் பாசி வளரும். அப்போதும் பாதித் தண்ணீரை மாற்றினாலே அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

எப்போது குளிக்கலாம்?

கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரினும் 3 பிபிஎம்முக்கு இறங்கியிருக்க வேண்டும். கலங்கிய குளத்தில் மூழ்கும் குழந்தை மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மூடி தெரியும் வரை, எவ்வளவு வெயிலாக இருந்தாலும், குளத்தைப் பூட்டியே வையுங்கள்.