ஜென்னே பெரிய பள்ளிவாசல்

மாலி நாட்டின் ஜென்னே நகரிலுள்ள தொழுகைத்தலம். உலகின் மிகப் பெரிய மண் கட்டடங்களுள் ஒன்று. வெயிலில் காய்ந்த பச்சைக்கல்லால் எழுப்பி, சேறு பூசிய சுவர்கள் கொண்டது.

17ஆம் நூற்றாண்டில் அல்-ஸஅதி எழுதிய வரலாற்று நூல், குன்புரு என்ற மன்னன் இஸ்லாத்தைத் தழுவியபின் தன் அரண்மனையை இடித்து அவ்விடத்தில் பள்ளிவாசல் கட்டியதாகக் கூறுகிறது. இது 13ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கலாம் என்பர். பின்வந்த நூற்றாண்டுகளைப் பற்றிய செய்திகள் சொற்பம்.

1828-இல் ஜென்னேக்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே கையே, இரு கோபுரங்களுடன் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடத்தையும் அதில் கூடு கட்டியிருந்த ஆயிரக்கணக்கான தகைவிலான்களையும் கண்டார். நகரைக் கைப்பற்றிய செகு அமது பழைய பள்ளிவாசலை ஏற்கவில்லை. இறையில்லத்தை இடிப்பது தகாது என்பதால் கூரைத் தூம்புகளை அடைக்கச் செய்தார் என்றும், மழையே மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது என்றும் செவிவழிச் செய்தி உண்டு. அவர் 1830-களில் அருகிலேயே வேறொரு பள்ளிவாசல் கட்டினார்.

இன்றுள்ள கட்டடம் பிரெஞ்சு ஆட்சியில், 1907-இல், கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரேயின் மேற்பார்வையில் முடிந்தது. வடிவம் யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இடிபாட்டை முன்பே பார்த்திருந்த எழுத்தாளர் ஃபெலிக்ஸ் துபுவா, 1910-இல் திரும்பி வந்தபோது புதிய கட்டடத்தை வெறுத்தார். அது குடியேற்ற அதிகாரிகளின் கற்பனை என்றார். உள்ளூர்க் கொத்தனார்களின் படைப்பே என்று ழான்-லூயி பூர்ஷுவா போன்ற பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டனர்.

நகரின் பழைய வீடுகளில் கையால் உருட்டிய உருளை வடிவப் பச்சைக்கற்களைக் காணலாம். அச்சில் வார்த்த செவ்வகக் கற்கள் குடியேற்றக் காலத்தில் பரவின. பள்ளிவாசல் சுவர்களில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கழிகள் நம் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனையின் மரத்தால் ஆனவை. அழகுக்கு மட்டுமன்று, பூச்சு வேலைக்கு நிரந்தரச் சாரமும் அவையே.

மழை அரித்த சுவரை ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூசுகிறது. ஆற்றுமண்ணில் உமி கலந்து குழிகளில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்க விடுவர். அதை மிதித்துப் பதப்படுத்துவதில் சிறுவர்களுக்குத் தனி உற்சாகம். பெண்கள் தண்ணீர் சுமப்பர். குறித்த நாள் விடியலில் இளைஞர்கள் கூடைகளில் சேற்றைச் சுமந்து போட்டியிட்டு ஓடிவர, கொத்தனார்கள் கழிகளில் ஏறி நின்று வெறுங்கையால் பூசுவார்கள். பூச்சில் விரல் தடம் பதிந்திருக்கும்.

அடுக்கடுக்காகச் சேர்ந்த பழைய பூச்சு சுவருக்குப் பாரமும் ஆனது. 2009 நவம்பரில் பெய்த கனமழையில் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் உதவியுடன் சீரமைக்கப்பட்டது.

1988-இல் உலகப் பாரம்பரியக் களமான ஜென்னே, பாதுகாப்பற்ற சூழலால் 2016-இல் ஆபத்திலுள்ள களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆண்டுப் பூச்சு தொடர்கிறது.