ஒரே அலை... வெவ்வேறு காயங்கள்!

முட்டம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாதான். பாரதிராஜா 'கடலோரக் கவிதைகள்' (1986) படத்தை எடுத்த பாறைகளையும் கலங்கரை விளக்கத்தையும் பார்க்க இன்றும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள. ஆனால் அந்தப் பாறைகளை ஒட்டி இருப்பது ஒரு மீனவர் ஊர். அங்கே கடல் என்பது காட்சி அல்ல, பிழைப்பு!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.30 மணிக்குச் சற்று முன்பு சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் அலை கன்னியாகுமரி மாவட்டத்தின் கரைகளில் ஏறியது. முட்டம், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடலோர ஊர்கள் அடிபட்டன. மணக்குடிப் பாலத்தை அலை அடித்துச் சென்றது. சிறிய ஊரான கொட்டில்பாட்டில் மட்டும் 199 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களை இழந்தது குமரி மாவட்டம்தான்.

உயிர் பிழைத்தவர்களில் சிலர் சில மாதங்களில் மீண்டும் கடலுக்குப் போனார்கள். சிலரால் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கக்கூட முடியவில்லை. ஒரே அலை, ஒரே கரை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கோழைத்தனமா, நோயா?

முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு நடுவே இருந்த வீரர்கள் சிலர் உடலில் காயமே இல்லாமல் நடுங்கினார்கள், பேச்சை இழந்தார்கள். 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' இதழில் இதை 'ஷெல் ஷாக்' என்று குறிப்பிட்டு எழுதினார். ஆனால் ராணுவத்தில் பலர் இதைக் கோழைத்தனம் என்றே நினைத்தார்கள். போர்க்களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு 2006-ல்தான் பொதுமன்னிப்பு கிடைத்தது. அவர்களில் எத்தனை பேர் மனம் காயப்பட்டவர்களோ!

வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்கு ஒரு பெயர் கொடுத்துத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. சுருக்கமாக பி.டி.எஸ்.டி. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வரும். கெட்ட கனவுகள் வரும். அதை நினைவுபடுத்தும் இடத்தையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப்போடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அது நோய். முதல் சில வாரங்கள் அழுவதும் தூக்கம் வராததும் நோய் அல்ல, இயல்பு. பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள்.

மீனவருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ரயில் விபத்தில் தப்பியவர் பேருந்தில் போகலாம். கடலில் அடிபட்டவர் எங்கே போவார்? பயமுறுத்தும் இடமும் சோறு போடும் இடமும் அவருக்கு ஒன்றேதான்.

முன்பு, அப்போது, பிறகு

யாருக்கு இந்த நோய் வரும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்களை 'அபாயக் காரணிகள்' என்கிறார்கள். இவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சம்பவத்துக்கு முன்பு: ஏற்கனவே பட்ட அதிர்ச்சிகள், முந்தைய மனநோய், வறுமை. சம்பவத்தின்போது: எவ்வளவு நெருக்கமாகச் சாவைச் சந்தித்தார், காயம் பட்டதா, யாரை இழந்தார். சம்பவத்துக்குப் பிறகு: ஆதரவாக யார் இருந்தார்கள், பிழைப்பு என்ன ஆனது, வேறு என்ன தொல்லைகள் சேர்ந்தன.

2000-ல் கிறிஸ் பிரூவினும் அவருடன் இரு ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 14 காரணிகளை ஒப்பிட்டார்கள். முடிவு பலருக்கும் வியப்பாக இருந்தது. ஒருவருடைய பழைய வாழ்க்கையை விட, சம்பவத்தின் கடுமையும் அதன் பிறகு ஆதரவு கிடைக்காததும் புதிதாகச் சேர்ந்த தொல்லைகளும்தான் அதிக வலுவான காரணிகளாக இருந்தன. அதாவது 'மனதில் தெம்பு இல்லாதவன்' என்ற பழைய பழி பெரும்பாலும் தவறு!

தமிழ்க் கரையில் தெரிந்தவை

சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டின் ஒரு மீனவ கிராமத்தில் 314 பேரிடம் ஆய்வு நடத்தப்பட்டு, 2007-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியானது. 12.7 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு பி.டி.எஸ்.டி இருந்தது. யாருக்கு அதிகம்? பெண்களுக்கு, அலையில் காயம் பட்டவர்களுக்கு, வீட்டில் வருமானமே இல்லாதவர்களுக்கு.

மூன்றாவதைக் கவனியுங்கள். படகும் வலையும் போன வீட்டில் சுனாமி ஒரே நாளில் முடிவதில்லை. கடன், வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று அது தினமும் வருகிறது. மனம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

பெண்களுக்கு இந்த நோய் அதிகம் என்பது உலகம் முழுவதும் காணப்படுகிறது. கடற்கரை ஊர்களில் அதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. சுனாமியில் ஆண்களை விடப் பெண்களும் குழந்தைகளும் அதிகம் இறந்தார்கள். பிழைத்த தாய்மார்களில் பலர் பிள்ளையின் கை நழுவியதைப் பார்த்தவர்கள். மறுநாளே மிச்சமிருக்கும் குடும்பத்துக்குச் சமைக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

முன்பு பட்ட அடி என்ன செய்யும் என்பதை இலங்கை காட்டியது. அலை வந்து ஒரு மாதத்துக்குள், யாழ்ப்பாணம் வடமராட்சியின் மணற்காடு உட்பட மூன்று இடங்களில் 264 பிள்ளைகளை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை பாதிப்பு இருந்தது. அலையின் கடுமை, குடும்பத்தில் ஏற்பட்ட சாவு ஆகியவற்றோடு, முன்பே அனுபவித்த கொடுமைகளும் பாதிப்பைக் கூட்டின. வடக்கில் அந்தக் கொடுமையின் பெயர் போர்.

உடல் கிடைக்காத சாவு

13 ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. இந்த முறை கடலுக்குப் போனவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து பல நாள் தொழிலுக்காக ஆழ்கடலுக்குப் போனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. டிசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் அமர்ந்து, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிப் போராடினார்கள். கேரளக் கடலில் கிடைத்த உடல்கள் சிலவற்றை மரபணுச் சோதனை செய்தே அடையாளம் காண முடிந்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

இதற்கும் வியட்நாம் போர்க் காலத்தில்தான் ஒரு பெயர் பிறந்தது. காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். இறந்தாரா, இருக்கிறாரா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. சட்டமும் அப்படித்தான். ஒருவரைக் காணாமல் ஏழு ஆண்டுகள் ஆனால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுவான விதி. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்குத் தமிழக அரசு அதைத் தளர்த்தி, குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கியது. வெறும் பண உதவியாகத் தோன்றும் இதுவும் உண்மையில் ஓர் அபாயக் காரணியைக் குறைக்கும் வேலைதான்.

மாற்றக்கூடியது எது?

சுனாமிக்குப் பின் ஆலோசகர்கள் பலர் கரைக்கு வந்தார்கள். ஆனால் நடந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைத்து அனுப்புவது பி.டி.எஸ்.டி-யைத் தடுப்பதில்லை என்று 2002-லேயே ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்லியிருந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தது வேறு வழி. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' வழிகாட்டியும் இதையே சொல்கிறது. பாதுகாப்பு கொடு, தேவையைக் கேள், உறவினரோடு சேர்த்து வை, பேசச் சொல்லி வற்புறுத்தாதே. அதற்குப் பிறகும் தேறாதவர்களுக்கு முறையான மனநலச் சிகிச்சை இருக்கிறது, அது பலன் தரக்கூடியது.

ஒருவர் பெண்ணாகப் பிறந்ததையோ, முன்பு பட்ட துயரத்தையோ, அலையின் உயரத்தையோ யாராலும் மாற்ற முடியாது. ஆனால் வீடு எப்போது கிடைக்கும், வள்ளம் எப்போது வரும், பங்கிலும் அன்பியத்திலும் யார் வந்து விசாரிப்பார்கள், காணாமல் போனவரை எத்தனை நாள் தேடுவார்கள் என்பவை எல்லாம் மனிதர்கள் கையில் இருக்கின்றன.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் சுனாமியில் இறந்தவர்களை மொத்தமாக அடக்கம் செய்த இடங்களில் மக்கள் கூடி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஒரே குழியில் பலர் இருந்தாலும் போய் அழுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று குமரிக் கடற்கரை முழுவதும் கல்லறைகளில் விளக்கு எரியும். ஒக்கியில் உடல் கிடைக்காத வீடுகளுக்கு அந்தக் கல்லறையும் இல்லை. அந்த வீடுகளின் கதவைத் தட்டி விசாரிப்பதுதான் அங்கே முதல் மருந்து.