கவுன்டருக்கு வந்த எல்லை

மீனம்பாக்கத்தில் இருபத்தேழு வருஷம் செக்-இன் கவுன்டரில் நின்றவன் நான். ஐரோப்பா போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டித்தான் கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு ட்ராலிகள் வரிசை கட்டினால், கடைசிப் பெட்டி பெல்ட்டில் ஏறும்வரை தலை நிமிர முடியாது. அந்த நெரிசலில் ஒருவரின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, போகிற நாடு இவரை உள்ளே விடுமா விடாதா என்று நாங்கள்தான் சொல்லியாக வேண்டும். "நீ யாருப்பா இதைக் கேக்க? கவர்மென்ட்டா?" என்று ஒரு பெரியவர் ஒருமுறை கத்தினார். கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. ஓய்வு பெற்றபின் அதற்குப் பதில் தேடித்தான் இந்த வேலையின் பழங்கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

இது கப்பல் காலத்திலேயே தொடங்கிவிட்டது. உள்ளே விட மறுக்கப்பட்டவரை, ஏற்றிவந்த கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று அமெரிக்கா 1891-இல் சட்டம் போட்டது. 1903-இல், தொற்றுநோய் உள்ளவரை ஏற்றி வந்தால் தலைக்கு 100 டாலர் அபராதம் என்றது. விளைவு, ஹாம்பர்க் போன்ற துறைமுகங்களில் கப்பல் கம்பெனிகளே டாக்டர்களை வைத்துப் பயணிகளின் கண்ணிமையைப் புரட்டி டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தன. 1924-இல் விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் 1,000 டாலர் அபராதம், அதோடு அவர் கொடுத்த பயணக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்று வந்தது. டிக்கெட் கிழிக்கும் குமாஸ்தா அன்றைக்கே வாயிற்காவலன் ஆகிவிட்டான்.

நம் கரையிலும் இது நடந்திருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை, மண்டபத்தில் முகாம் போட்டுத் தங்கவைத்து, நோய் நொடி சோதித்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. அதாவது இலங்கையின் எல்லை ராமநாதபுரம் சீமையிலேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் அதே மண்டபம் முகாமில்தான், இலங்கையிலிருந்து தப்பி வந்த அகதிகளைத் தங்கவைத்தோம்.

விமானக் கவுன்டரின் கதையில் திருப்பம் நேர்ந்தது 1980-களில், அதுவும் தமிழர்களை முன்னிட்டு. இது எனக்கு வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் லண்டனுக்குத் தப்பிப் போக, பிரிட்டன் 1985-இல் இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் முதலில் அப்படி விசாவுக்குள் வந்தது இலங்கைதான். இந்தியாவுக்கு அடுத்த வருஷம். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கி அடைக்கலம் கேட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, ஓடுதளத்தருகே அவர்களில் பலர் உடைகளைக் களைந்து, உள்ளாடையோடு நின்று போராடினார்கள். பிப்ரவரிக் குளிரில். அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் மசோதா கொண்டுவந்தார். அந்த வருஷமே அது சட்டமானது. சரியான ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு கட்ட வேண்டும். 1991-இல் அது 2,000 ஆனது. அடைக்கலம் கேட்டவர்களில் சிலரை, அவர்களில் பலர் தமிழர், ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் அடைத்து வைத்திருந்தார்கள். 1987 அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது.

விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும் இந்த மாதிரிச் சட்டங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. படிக்கப் போகிறவனுக்கு விசா உண்டு, சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு உண்டு. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனுக்கென்று தூதரகங்கள் பொதுவாக விசா ஒட்டித் தருவதில்லை. ஹீத்ரோ வரை போய்விட்டால் அவன் சொல்வதைக் கேட்டாக வேண்டும். கவுன்டரிலேயே நிறுத்திவிட்டால் கேட்க ஆளே இல்லை. நிறுத்துவது எங்கள் வேலை.

தொண்ணூறுகளில் ஒரு ராத்திரி. இந்திய பாஸ்போர்ட், இருபது வயதுப் பெண். புகைப்படம் இருந்த பக்கத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். லேமினேஷன் ஒரு நூலிழை தூக்கியிருந்தது. பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், பழைய பசையின் நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். "அண்ணை, விடுங்கோ" என்றாள், உதடு அசையாத மாதிரி, மெதுவாக. அதற்கு முந்தின மாதம்தான் இப்படி ஒரு பாஸ்போர்ட்டைத் தவறவிட்டதற்காக எனக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவள் பெயர் எனக்கு நினைவில்லை, அந்தப் பாஸ்போர்ட்டில் இருந்தது அவள் பெயரும் இல்லை. அந்தக் குரல் மட்டும் இன்றும் காதில் இருக்கிறது.

மற்ற நாடுகளும் இதே வழிக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் பயணிக்குக் குறைந்தது 3,000 யூரோ என்று ஓர் அளவுகோல் வைத்தது. நம் நாடு 2000-இல் ஒரு லட்ச ரூபாய் என்று சட்டம் இயற்றியது. அது 2025-இல் புதிய குடிவரவுச் சட்டத்துக்குள் போய்விட்டது.

நீண்டகால விசாக்காரர்கள் எங்களுக்குத் தனிச் சிக்கல். டூரிஸ்ட் விசாவில் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் கேட்டுக் கேட்டு நாக்குப் பழகியிருக்கும். ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகும் பையன் ஒன்-வே டிக்கெட்டோடு வருவான். அவன் ஸ்டிக்கரில் 'டி' என்ற ஒற்றை எழுத்து இருக்கும். தங்கப் போகிறவன், திரும்பும் டிக்கெட் தேவையில்லை என்று அதற்கு அர்த்தம். புது ஆட்களுக்கு அந்த எழுத்து கண்ணில் படாது, ரிட்டர்ன் எங்கே என்று மிரட்டுவார்கள். பையனின் முகம் வெளுத்துவிடும். நான் போய் 'டிம்' புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவேன். எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்காக மாதாமாதம் அச்சாகி வந்த கையேடு அது. பிறகு 'டிமாட்டிக்' என்று கணினிக்குள் போனது.

'டி' விசாவில் நிஜமாகவே பார்க்க வேண்டியது தேதி. விசா அக்டோபர் 1 முதல் செல்லும் என்று இருக்கும். பையனின் டிக்கெட் செப்டம்பர் 30 அதிகாலை. பகல் கடப்பதற்குள் அங்கே இறங்கிவிடுவான், விசா பிறக்க இன்னும் அரை நாள் இருக்கும். இப்படி இரண்டு மூன்று பேரை விமானத்தில் ஏற்றாமல் நிறுத்தியிருக்கிறேன். ஊரிலிருந்து வேன் பிடித்து வழியனுப்ப வந்த மொத்தக் குடும்பமும் வெளியே நிற்கும். அந்தப் பையன்களை உட்காரவைத்து, மறுநாள் விமானத்துக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லி நானே டிக்கெட் கவுன்டரில் மன்றாடியிருக்கிறேன்.

போன வருஷம் என் தங்கை மகன் ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்கப் போனான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். அவன் பையைத் திறந்து அட்மிஷன் கடிதத்தைத் தேடினான். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரிட்டர்ன் டிக்கெட் கேக்கறாங்களாண்ணே?" இல்லம்மா, தேதி பார்க்கிறாள் என்றேன். அந்தப் பெண் பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரல் ஓரத்தில் ஒருமுறை நகர்ந்தது. பிறகு பெட்டிக்கு டேக் ஒட்டினாள்.